தேம்பாவணியில் புதுமையும் ஐயமும்

தமிழ்க் கத்தோலிக்கரிடையே இறைவல்லமையால் நிகழ்வதாகக் கருதப்படும் செயலைச் சுட்டப் ‘புதுமை’ என்னும் சொல் பெருவழக்காக உள்ளது. சீர்திருத்தச் சபையினர் ‘அற்புதம்’ என்பர். வீரமாமுனிவரின் தேம்பாவணி (1726) புதுமைகள் நிறைந்த காப்பியம். அதனைப் பத்தி நூலாகக் கொள்வோர் புதுமைகளை வரலாறாக ஏற்று மேற்செல்கின்றனர். இலக்கியமாகக் கொள்வோர் அவற்றைக் கம்பரும் திருத்தக்கதேவரும் வகுத்த காப்பிய நெறியின் அணியாக ஒதுக்குகின்றனர். கதைப்போக்கில் புதுமை ஆற்றும் பணி யாது என்னும் வினா இருசாராரிடத்தும் எழவில்லை.

மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல் என விரியும் இந்நூலின் தலைவன் சூசை. முனிவர் அவருக்கு வளன் எனப் பெயரிடுகிறார். மரியாளுக்குரிய கணவனைத் தேர்வதற்குக் காய்ந்த கோல் பூக்கிறது. இச்செய்தி நான்கு நற்செய்திகளிலும் இல்லை. ஆரோனின் கோல் துளிர்த்த பழைய ஏற்பாட்டுச் செய்தியின் சாயலில், திருமுறையில் இடம்பெறாத நூல்களின் வழி வளர்ந்த மரபு இது. துறவுள்ளம் கொண்ட வளனை அந்தப் பூ இல்லறத்துள் செலுத்துகிறது. அடையாளம் பெற்றவனுக்கு அது பரிசாக அமையாமல் சுமையாக அமைவது நோக்கத்தக்கது.

அச்சுமை முழுமையாக வெளிப்படுவது ஐயந்தோற்று படலத்தில். மத்தேயு நற்செய்தி எட்டு வசனங்களில் முடிக்கும் நிகழ்வை முனிவர் ஐயம் தோன்றுதல், ஐயம் நீங்குதல் என இரு படலங்களாக விரித்தார். கிறித்தவச் சமயத்தின் தலையாய புதுமையான கன்னிக் கருத்தரிப்பு வளனுக்குத் துயரமாகவே வந்து சேர்கிறது. அவர் காண்பது மனைவியின் கருவை மட்டுமே. அவளது தூய்மையையும் மறுக்க இயலவில்லை; கண்டதையும் மறுக்க இயலவில்லை. தன் கையில் கோல் பூத்ததைக் கண்டவருக்கும் அந்தப் பூ இப்போது உதவவில்லை. ஐயம் நீங்குவதும் ஊரறிந்த சான்றினால் அன்று. உறக்கத்தில் கேட்ட வானவனின் சொல்லினால். கம்பரின் யுத்த காண்டத்தில் சீதையின் கற்புக்குத் தீக்கடவுள் அனைவர் முன்னிலையிலும் சான்று பகர்கிறான். தேம்பாவணியில் சான்று பகரத் தீ இல்லை, கூடி நின்று காண அவையும் இல்லை. கம்பரை முனிவர் பின்பற்றினார் என்று மட்டும் கூறி அமைவோர் இவ்வேறுபாட்டைக் கருதவேண்டும்.

நூல் முழுவதும் இத்தரத்தது எனல் இயலாது. யோசுவா, கிதியோன் ஆகியோரின் வெற்றிகள் உட்கதைகளாக வருமிடங்களில் புதுமை வெறும் படைக்கலம் ஆகிவிடுகிறது. பகை அழிகிறது, ஐயுறுவார் எவருமிலர், செய்யுளோசையே மிஞ்சுகிறது. முனிவர் பயன்கொண்ட மூலங்களுள் ஒன்று ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆக்ரெதா மரியாளின் காட்சிநூல். 1670இல் அச்சேறிய அது 1681இல் ரோமில் தடைக்குள்ளாகியது. தடையும் விரைவில் நிறுத்திவைக்கப்பட்டது. எப்புதுமையை நம்பலாம் என்பதில் கத்தோலிக்கருக்குள்ளேயே வழக்கு இருந்தது என்பதற்கு இது போதிய சான்று. தரங்கம்பாடி லூத்தரன் மிஷனரிகளோடு உரைநடையில் மோதிய முனிவர் இதனை அறியாதவராய் இருந்திருக்க முடியாது.

அவரே இயற்றிய பரமார்த்த குரு கதையை இங்கு உடன்வைத்து நோக்குதல் தகும். அந்நூலைச் சிரிப்புக் கதை என்று ஆய்வுலகம் ஒதுக்கிவைத்திருப்பது இழப்பே. ஆறு உறங்குகிறதா என அறியச் சீடன் கொள்ளிக்கட்டையை நீரில் தோய்க்கிறான். ‘சுர்’ என்னும் ஓசை எழவே, ஆறு விழித்திருக்கிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டதாகிறது! சோதனை நிகழ்ந்தது, சான்றும் கிடைத்தது, முடிவோ பிழை. பூசணிக்காய் குதிரை முட்டையாவதும் இவ்வாறே. சீடர் எவருக்கும் ஐயமே எழுவதில்லை. வளனோ ஐயத்தால் உழன்று, சான்றின்றி ஒரு சொல்லை ஏற்கிறார். மூடநம்பிக்கைக்கும் விசுவாசத்துக்கும் இடையே முனிவர் கண்ட எல்லை ஐயத்தைக் கடந்துவந்த தடத்தில் உள்ளது. சான்றின் அளவில் அன்று.

ஆனால் முனிவரின் பெயரோடு இணைந்த தலவரலாறுகள் வேறுவழிச் செல்கின்றன. விழுப்புரம், திண்டிவனம், பிரம்மதேசம் ஆகிய ஊர்களோடு 1993 வரை ஒரே தென்னாற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது விருத்தாசலம் பகுதி. அங்குள்ள கோணான்குப்பத்தில் காட்டில் காணாமற்போன மாதா சொரூபம் மீண்டும் கிடைத்தது என்றும், முகாசாபரூர்ப் பாளையக்காரர் கச்சிராயர் மகப்பேறு பெற்று ஆலயம் எழுப்பினார் என்றும் மரபு வழங்குகிறது. வேண்டுதல், பேறு, நேர்த்தி என்னும் அவ்வரிசையில் ஐயத்துக்கு இடமில்லை. கச்சிராயர் ஓர் இரவேனும் வளனைப்போல் உழன்றதாகக் கதை கூறுவதில்லை. காப்பியத்தை வாசியாத மக்களிடம் முனிவரை நிலைநிறுத்தியது அவ்வரிசையே. அத்தலத்து மாதாவுக்கு வழங்கும் பெயர் பெரியநாயகி. விருத்தாசலம் சிவன் கோயிலில் அம்மனுக்கும் அதுவே பெயர்.