கோவை மெட்டாரும் குன்னூர் மேகமும்

கோயம்புத்தூர் விமான நிலையம் வானிலையைக் குறியீட்டில் தரும் மெட்டார் அறிக்கையில் ஒருநாள் காலை 'எஸ்சிடி 040' என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். விமானப் பயிற்சி மாணவர் யாரைக் கேட்டாலும் சட்டென்று விளக்குவார்: வானத்தை எட்டாகப் பிரித்தால் மூன்று நான்கு பங்கில் மேகம், அதன் அடிமட்டம் 4,000 அடி. தேர்வில் மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் அந்த 4,000 அடி ஓடுபாதையிலிருந்து எண்ணப்படுவது. ஓடுபாதையோ கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,320 அடியில் இருக்கிறது. கூட்டினால் 5,320 அடி. குன்னூர் நீலகிரி மலையில் ஏறத்தாழ 6,000 அடியில் இருக்கும் ஊர். கோவையில் அண்ணாந்து பார்த்தால் தெரியும் அந்த வெள்ளை மேகம் அதே மட்டத்தில் மலைவரை பரவியிருந்தால், குன்னூர்க்காரருக்கு அது பத்தடி தூரத்துத் தேயிலைச் செடியையும் மறைக்கும் மூடுபனி.

வானிலையைக் குறியீடாகப் படிக்கும் இந்த முறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. காற்றின் திசை, வேகம், பார்வைத் தூரம், மேகம், வெப்பநிலை, பனிநிலை (காற்றின் ஈரம் நீர்த்துளியாக மாறும் வெப்பநிலை), அழுத்தம் என எல்லாம் ஒரே ஒழுங்கில், ஒற்றை வரியில் வந்துவிடுகின்றன. கோவையில் படித்தவர் டோக்கியோவின் அறிக்கையையும் தடுமாறாமல் படிக்கலாம். 'வானம் நல்லாத்தான் இருக்கு' என்ற வாய்ப்பேச்சை நம்பிப் பறந்த காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய காவல். பார்வைத் தூரம் 1,000 மீட்டருக்குக் கீழே போனால் மூடுபனி, அதற்கு மேல் 5,000 மீட்டர் வரை ஈரப்புகை என்று எல்லை வகுத்திருப்பதால், பறப்பதா வேண்டாமா என்ற முடிவு ஒருவரின் துணிச்சலைப் பொறுத்ததாக இல்லாமல் போகிறது.

குறை கற்பிக்கும் விதத்தில் இருக்கிறது. விமானிகளுக்கு உரிமம் தரும் அரசு அமைப்பான டிஜிசிஏ நடத்தும் வானிலைத் தாளில் தேற 70 விழுக்காடு வேண்டும். கேள்விகள் விடையைத் தேர்ந்தெடுக்கும் வகையைச் சேர்ந்தவை. ஆகவே பழைய கேள்விகளின் தொகுப்பை மனப்பாடம் செய்வது பெரும்பாலோருக்குப் பழக்கமாகிவிட்டது. மேகத்தின் பெயர் கேட்டால் வரும். அந்த மேகம் எந்தச் சரிவில் எத்தனை மணிக்கு உருவாகும் என்று கேட்டால் வராது. மெட்டார் ஒரு விமான நிலையத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றியது. ஊட்டியில் விமான நிலையம் இல்லை, எனவே ஊட்டிக்கு மெட்டாரும் இல்லை. இருக்கும் அறிக்கையை வைத்து இல்லாத இடத்தைக் கணிக்கும் திறமையை எந்தத் தொகுப்பும் தருவதில்லை.

அந்தத் திறமைக்குப் பெரிய கணிதம் தேவையில்லை. மேலேறும் காற்று 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட ஒரு டிகிரி குளிர்கிறது; அதன் பனிநிலையும் இறங்குகிறது, ஆனால் மெதுவாக. வெப்பநிலைக்கும் பனிநிலைக்கும் உள்ள இடைவெளியில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 125 மீட்டர் ஏறினால் மேகம் பிறக்கும் உயரம் வந்துவிடும். மலையடிவாரத்து மேட்டுப்பாளையத்தில் வெப்பநிலை 28, பனிநிலை 20 என்றால் இடைவெளி 8, ஆயிரம் மீட்டர். மேட்டுப்பாளையத்தின் உயரத்தையும் சேர்த்தால் 1,300 மீட்டரைச் சற்றுத் தாண்டும். அதாவது குன்னூர் சாலையில் பர்லியாறு தாண்டி மேலேறும் கொண்டை ஊசி வளைவுகளிலேயே, குன்னூருக்கு 500 மீட்டர் கீழே, மேகம் தொடங்கிவிடலாம். மலைப்பாதை ஓட்டுநர்களுக்கு இது அன்றாடம். எந்த வளைவில் பனி விளக்கைப் போட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும்.

பருவமும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குக் காற்று நீலகிரியின் மேற்குப் பக்கத்தில் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பதிவானது. குன்னூர் பக்கத்துக்கோ வடகிழக்குப் பருவம்தான் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் காற்று சமவெளியின் ஈரத்தைச் சுமந்துகொண்டு பள்ளத்தாக்கு வழியாக மேலேறும். ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வானிலை.

2021 டிசம்பர் 8 அந்தப் பருவத்தின் ஒரு நாள். கோவை அருகே உள்ள சூலூரிலிருந்து முற்பகல் 11.48க்குக் கிளம்பிய விமானப்படையின் எம்ஐ-17 வி5 ஹெலிகாப்டர் 12.15க்குக் குன்னூரை அடுத்த வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டும். 12.08 வாக்கில் தொடர்பு அறுந்தது. காட்டேரி அருகே நஞ்சப்பசத்திரத்தில் அது விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட அதில் இருந்த 14 பேரும் இறந்தார்கள். அவர்களில் தீக்காயங்களோடு மீட்கப்பட்ட குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரத்தில் உயிரிழந்தார். மலை ரயில் தண்டவாளத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பயணிகள் எடுத்த காணொளியில் ஹெலிகாப்டர் வெண்மைக்குள் நுழைந்து மறைவது தெரியும். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைய நேர்ந்தது, விமானி திசையுணர்வு இழந்தார், இயந்திரக் கோளாறோ சதியோ அலட்சியமோ இல்லை என்று 2022 ஜனவரியில் விசாரணையின் முதற்கட்ட முடிவு வந்தது. 2024 டிசம்பரில் நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கையின் பட்டியல் காரணத்தை விமானக் குழுவின் மனிதத் தவறு என்று குறித்தது.

இந்தக் குறிப்பு எனக்குப் போதவில்லை. அதை ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். மலை வானிலை அறியாதவர்கள் அல்லர். தேர்ந்தவர்களுக்கே வெண்மைக்குள் மேலும் கீழும் மயங்குகிறது என்றால் மாணவரின் நிலை என்ன? இல்லினாய் பல்கலைக்கழகம் 1954-இல் வெளியிட்ட ஆய்வில், கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை வெளிப்பார்வை இல்லாமல் பறக்கவிட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடிகளில். ஆகவே மேகத்துக்குள் போனபின் என்ன செய்வது என்பதற்கு முன்னால், எந்த இடத்தில் திரும்பிவிடுவது என்பதைக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் குறிக்கப் பழக்க வேண்டும்.

வகுப்பறையில் செய்யக்கூடியது எளிது. கோவை மெட்டாரைக் கொடுத்து, குன்னூர் சரிவில் மேகம் எந்த உயரத்தில் தொடங்கும், எந்தப் பருவத்தில் எந்தப் பக்கம் அடையும், எங்கே திரும்புவாய் என்று எழுதவைக்கலாம். நான்கு விடைகளில் ஒன்றைக் குறிப்பதைவிட இதைத் திருத்துவது ஆசிரியருக்கு வேலைதான். அந்த வேலை செய்யப்பட வேண்டும்.

மீதி, மாணவரின் கையில் இல்லை. அலாஸ்காவின் மலைக் கணவாய்களில் அமெரிக்க விமானத் துறை கேமராக்களை நிறுத்தியிருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு படம் வருகிறது, தெளிந்த நாளின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பர்லியாறு, காட்டேரி, கோடநாடு போன்ற இடங்களில் இப்படி நான்கைந்து கேமராக்களும் வெப்பநிலையையும் பனிநிலையையும் அளக்கும் தானியங்கிக் கருவிகளும் இருந்து, அவற்றின் படங்களும் அளவுகளும் எல்லா விமானிகளுக்கும் திறந்திருந்தால், சூலூரில் இருப்பவர் கிளம்பும் முன்பே பள்ளத்தாக்கைப் பார்த்துவிடுவார்.