நாலு விரல் மடிப்பு

ஆரணியில் ஒரு பட்டுக் கடை. அலமாரியில் தெரிந்ததெல்லாம் நாலு விரல் மடிப்புத்தான். அதைப் பார்த்தே, "அந்தப் புடவையை எடுங்கள்" என்றேன்.

வீடியோ விளையாட்டு விற்கும் 'ஸ்டீம்' கடையிலும் இதே கதைதான். முகப்புப் படம் மிகச் சுருங்கும்போது 120க்கு 45 புள்ளிகள். தனியாளாய் விளையாட்டுச் செய்கிறவர் அதற்குள் கதாநாயகன், அரக்கன், போர்க்களம் எல்லாவற்றையும் திணிக்கிறார். பாவம், பல வருஷ உழைப்பு வெறும் புகைமூட்டமாகிவிடுகிறது! பரிசு, பாராட்டு வாசகங்களையும் ஒட்டிப் பார்த்தார்கள். 2022 செப்டம்பரில் அதைக் கடையே தடுத்துவிட்டது. நல்லதுதான்.

டொரண்டோவின் 'விசை கேம்ஸ்' 2023இல் வெளியிட்ட 'வெண்பா', கனடாவில் குடியேறிய தமிழ்த் தாயின் சமையல் கதை. அதற்கு ஒரு முகமும் ஓர் இட்லிப் பாத்திரமும் போதும் என்பேன். மகன் மொழியைவிட்டு விலகும் துயரத்தைப் படத்தில் தேட வேண்டாம். ஆரணிக் கடைக்காரர் முந்தானையை விரித்தது, நான் பாயில் உட்கார்ந்த பிறகுதானே?