சின்ன மாமியை நாம் ஏன் படிக்கவில்லை?
ஈழத்துப் பொப்பிசை பற்றி ஒரு மீள்நோக்கு

1960களில் அமெரிக்காவில் தோன்றிய ஓர் இசை வகைக்குக் 'கராஜ் றொக்' என்று பெயர். கார் நிறுத்தும் கொட்டிலில் நாலைந்து பெடியள் சேர்ந்து, இரண்டு மூன்று கிற்றார்களும் ஒரு றம்ஸும் வைத்துப் பாடியதால் வந்த பெயர் அது. இசை படித்தவர்கள் அல்லர். மூன்று சுரக்கட்டுகள் தெரிந்தால் ஒரு பாட்டுக்குப் போதும் என்று நம்பியவர்கள். 1963இல் த கிங்ஸ்மென் குழு பாடிய 'லூயி லூயி'யின் சொற்கள் தெளிவாக விளங்காததால், அதில் ஆபாசம் இருக்கிறதா என்று எவ்.பி.ஐ. விசாரணையே நடத்தியது. இக்குழுக்களிற் பல ஓரிரண்டு இசைத்தட்டுகளோடு மறைந்து போயின. 1972இல் லெனி கே என்பவர் அவற்றிலிருந்து 27 பாடல்களைத் தேர்ந்து 'நகெற்ஸ்' என்ற தொகுப்பை வெளியிட்டார். அதன் பின்னரே விமர்சகர்கள் இந்த இசைக்கும் ஒரு வரலாறு உண்டு என்று பேசத் தொடங்கினர்.

இந்தக் கதையைப் படித்தபோது என் மனதில் எழுந்த கேள்வி எளிமையானது. நமக்கும் இப்படியோர் இசை இருந்ததே, அதை ஏன் நாம் தொகுக்கவில்லை? யாழ்ப்பாணத்தில் கராஜ் என்றால் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ40யும் திருத்தும் இடம். அங்கே யாரும் பாட்டுப் பாடவில்லை. ஆனால் வீட்டு விறாந்தைகளிலும், கல்லூரி விடுதிகளிலும், சனசமூக நிலையங்களிலும் பாடினார்கள். அதற்குப் 'பொப் இசை' என்று பெயர்.

அதன் வேர் ஆழமானது. 1505இல் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களது மொழியில் 'ஆடுதல்' என்ற பொருளுடைய சொல்லிலிருந்தே 'பைலா' வந்தது. அவர்களோடு வந்த ஆபிரிக்கரின் தாளம் அதிற் கலந்தது. 1940களில் பொலிஸ் உத்தியோகத்தரான வோலி பஸ்ரியன்ஸ் அதைச் சிங்களத்தில் நவீன வடிவமாக்கினார். 1960களின் நடுப்பகுதியில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்ரோன்ஸ் குழுவினரும் மின்கிற்றாரோடு சிங்களப் பாட்டைப் புதுப்பித்தனர். 1971இல் மொறட்டுவையில் ஜிப்சீஸ் குழு உருவாயிற்று.

தமிழில் இதே காலத்தில் வந்தவர்களே நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன், எஸ். இராமச்சந்திரன், திருகோணமலையைச் சேர்ந்த பரமேஸ் - கோணேஸ் சகோதரர்கள் முதலானோர். இவர்கள் ஒரே நேரத்தில் எழுந்தது தற்செயல் அன்று. 1970இல் ஆட்சிக்கு வந்த அரசு இறக்குமதிகளைக் கட்டுப்படுத்தியது. தமிழகத்துச் சஞ்சிகைகளும் திரைப்படங்களும் முன்போல வந்து குவியவில்லை. அந்த இடைவெளியில் உள்ளூர்ச் சஞ்சிகை, உள்ளூர்ச் சினிமா, உள்ளூர்ப் பாட்டு மூன்றும் தலையெடுத்தன. செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' 1978இல் திரைப்படமானபோது, அதில் நடித்தவர்களுள் ஒருவர் பொப் பாடகர் மனோகரன். இசையமைத்தவர் ரி.எவ். லத்தீப். இயக்கியவர் பிரேம்நாத் மொறாயஸ். இப்பெயர்களை ஒருமுறை சேர்த்து வாசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தின் இயல்பு அதில் இருக்கிறது.

இனி இப்பாடல்களின் இலக்கியப் பெறுமானத்துக்கு வருவோம். நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' ஓர் உரையாடல். மருமகன் மாமியிடம் அவளது இளைய மகள் எங்கே என்று கேட்கிறான். பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்கிறாள் மாமி. ஊர்ப் பெடியள் கண்ணடிக்கும் காலத்தில் படிப்பு எதற்கு என்பது மருமகனின் குறை. மாமி மகளை விட்டுக்கொடுக்காமற் பேசுகிறாள். பகிடிப் பாட்டு என்றுதான் இதை எல்லோரும் கேட்டோம். ஆனால் மச்சாள் மீது மச்சானுக்குள்ள 'முறை' என்னும் பழைய உரிமையும், பெண்பிள்ளையின் படிப்பு என்னும் புதிய நிலைமையும் மோதும் இடம் இது. ஒரு சிறுகதையாசிரியர் பத்துப் பக்கத்தில் எழுதக்கூடியதை இரண்டு குரல்கள் சில நிமிடங்களில் முடித்துவிடுகின்றன. அந்தப் பேச்சும் புத்தகத் தமிழன்று, யாழ்ப்பாணத்து முற்றத்துத் தமிழ்.

இங்கேதான் நம் விமர்சனத்தின் மீது எனக்கொரு முறைப்பாடு உண்டு. 1960களின் தொடக்கத்தில் 'மரபுப் போராட்டம்' நடந்தது. பேச்சு வழக்கை 'இழிசினர் வழக்கு' என்று பண்டிதர்கள் ஒதுக்கியபோது, முற்போக்கு எழுத்தாளர்கள் மண்வாசனைக்காக வாதாடி வென்றார்கள். அதே பேச்சுத்தமிழ் சில ஆண்டுகளில் கிற்றாரோடு வந்தபோது, வென்றவர்களின் வாரிசுகளும் பண்டிதர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். கதையில் வந்தால் மண்வாசனை, பாட்டில் வந்தால் மலினம் என்றாயிற்று. ஈழத்து இலக்கிய வரலாற்று நூல்களில் கூத்துப் பாட்டுக்கு இடமுண்டு, நாட்டார் பாடலுக்கு இடமுண்டு. பொப் பாடலுக்கு மட்டும் இடமில்லை. நாட்டார் பாடலைப் பாடியவர் இறந்துபோன பிறகே நாம் அவரை மதிக்கிறோமோ என்று எண்ணத் தோன்றுகிறது.

பொப் பாடல்களில் குறையே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. பெண் அவற்றிற் பெரும்பாலும் பார்க்கப்படுபவள்; தானாகப் பாடுபவள் அல்லள். 'சின்ன மாமியே'யிலும் யாரைப் பற்றிப் பேச்சோ அந்த மகளுக்கு வாயில்லை. தோட்டத் தொழிலாளியின் வாழ்வோ, சாதியின் கொடுமையோ இப்பாடல்களுக்குள் நுழைந்தது குறைவு. கள்ளுக்கடைக்குப் போகாதே என்று புத்தி சொல்லும் பாட்டைக்கூட ஆடிக்கொண்டே கேட்டோம்; புத்தி பின்னாலே நின்றுவிட்டது. ஆனால் இவை ஒரு விமர்சகன் பேசியிருக்க வேண்டிய குறைகள். பேசாமல் விட்டதனால் பாட்டும் வளரவில்லை, விமர்சனமும் வளரவில்லை.

மனோகரனின் 'சுராங்கனி' வேறு வகை. சிங்களமும் தமிழும் ஒரே பாட்டில் தோளோடு தோள் நின்றன. மீன் கொண்டுவந்த செய்திதான் அதன் கரு. பெரிய தத்துவம் எதுவுமில்லை. 1977இல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் இளையராஜா அதைப் பயன்படுத்தியபோது பாட்டு கடல் கடந்தது. பாடியவரும் பின்னர் கடல் கடந்தார். 'சிலோன் மனோகர்' என்று தமிழகத்தில் அறியப்பட்டு, 2018 ஜனவரியில் சென்னையிற் காலமானார். நித்தி கனகரத்தினம் அவுஸ்திரேலியாவிற் குடியேறினார்.

ஜிப்சீஸ் குழுவின் சுனில் பெரேரா 2021இல் மறையும்வரை, ஐம்பது ஆண்டுகள் ஒரே குழுவோடு பாடினார். நம் பொப்பிசை அத்தனை காலம் நிலைக்கவில்லை. காரணம் திறமைக் குறைவன்று. 1977இன் திறந்த பொருளாதாரத்தோடு ரேப் ரெக்கோடரும் தமிழகத் திரைப்பாட்டுக் கசெற்றும் வெள்ளமாக வந்தன. கண்ணன் கோஷ்டி போன்ற இசைக்குழுக்கள் கோயில் திருவிழா இரவுகளில் இசைத்த காலமும் போரோடு சுருங்கியது. 1983க்குப் பின் பெடியள் வெளிநாட்டுக்குப் போனார்கள் அல்லது இயக்கங்களுக்குப் போனார்கள். ஒரு பாட்டுக் கோஷ்டிக்கு வேண்டியவை நான்கு: மின்சாரம், மண்டபம், அச்சமற்ற இரவு, ஊரில் இருக்கும் இளைஞர். நான்கும் நமக்கு ஒன்றாகவே இல்லாமற் போயின.

என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். நான் பன்னிரண்டு வயதுப் பையனாக இருந்தபோது, பள்ளிக் காற்சட்டை தைக்க ஐயா என்னை யாழ்ப்பாணம் சோனகதெருப் பக்கம் ஒரு தையற்கடைக்குக் கூட்டிச் செல்வார். கடைக்கார நானா தைத்துக்கொண்டே பொப் பாட்டுக் கேட்பார். நான் வாயைப் பிளந்து நிற்பதைக் கண்டு ஒருநாள் அந்தக் கசெற்றைக் கழற்றி என் கையில் வைத்தார். "வைச்சுக் கேளும் தம்பி, காற்சட்டை எடுக்க வரேக்க கொண்டந்து தாரும்" என்றார். அது 1990. ஒக்ரோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். ஐயா போனபோது கடை பூட்டியிருந்தது. காற்சட்டையும் வரவில்லை, கசெற்றைக் கொடுக்கவும் ஆளில்லை.

பற்றரிக்குத் தடை இருந்த காலம் அது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வந்த மின்சாரத்தில் அந்தக் கசெற்றைக் கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் சின்ன மாமியின் குரலும் இழுபட்டுப் போகும். இடப்பெயர்வொன்றில் கசெற்றும் தொலைந்தது. பின்னர் கோப்பாய் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்றபோது தமிழ் இலக்கிய வரலாற்றைப் படித்தேன். அதில் அந்த நானா கேட்ட பாட்டு எங்கும் இருக்கவில்லை.

லண்டனிற் பிறந்து சிறுபராயத்தை யாழ்ப்பாணத்திற் கழித்த மாயா அருள்பிரகாசம், 'எம்.ஐ.ஏ.' என்ற பெயரில் 2005இல் 'அருளர்', 2007இல் 'கலா' ஆகிய இசைத்தொகுப்புகளை வெளியிட்டார். மேல்நாட்டுப் பத்திரிகைகள் எழுதிய பிறகு நாமும் எழுதினோம். நம் முற்றத்துப் பாடகருக்கும் வெளியார்தான் சான்றிதழ் தரவேண்டுமா?

வேண்டுவது பெரிய காரியமன்று. மிஞ்சியிருக்கும் இசைத்தட்டுகளையும் ஒலிநாடாக்களையும் தேடி, பாடியவர், எழுதியவர், வாசித்தவர் பெயர்களோடு ஒரு தொகுப்பு. அதற்கு ஒரு நேர்மையான முன்னுரை. புத்தளத்திலும் திருகோணமலையிலும் கொழும்பிலும் யார் வீட்டு அலுமாரியில் என்ன இருக்கிறதோ அறியேன். இச்சஞ்சிகையின் வாசகர்களில் அந்த நானாவின் பிள்ளைகள் எவரேனும் இருந்தால், அவர்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் வாப்பாவின் கசெற் ஒன்றுக்கு நான் இன்னும் கடன்காரன். இக்கட்டுரை அதன் முதல் தவணை.