ஓய்வுபெற்ற ஜாகுவாரின் உதிரிகள்

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கணியம்பாடி வருகிறது. இந்தப் பக்கத்து டிராக்டர் மெக்கானிக்குக்குப் பழக்கமான வித்தைதான்: கம்பெனி கைவிட்ட மாடலுக்கு, ஓடாத வண்டி ஒன்றை வாங்கிப் பாகம் பாகமாகக் கழற்றுவது. இந்திய விமானப்படையும் அதையே செய்கிறது, ஜாகுவாருக்காக.

பிரிட்டனும் பிரான்ஸும் சேர்ந்து உருவாக்கிய இந்தத் தரைத்தாக்குதல் விமானம் 1968இல் முதன்முதலாகப் பறந்தது. 1979இல் இந்தியாவுக்கு வந்தது. பிறகு பெங்களூரு எச்.ஏ.எல். இங்கேயே தயாரித்தது. பிரான்ஸ் 2005இலும், பிரிட்டன் 2007இலும், ஓமன் 2014இலும் ஓய்வு கொடுத்துவிட்டன. இன்று பறக்கவிடுவது இந்தியா மட்டும்.

அப்படியானால் உதிரிக்கு எங்கே போவது? பிரான்ஸிடமிருந்து 31 பழைய உடற்கூடுகள் பெற ஏற்பாடானதாக 2018இல் செய்திகள் வந்தன. ஓமன், பிரிட்டன் பெயர்களும் அதில் இருந்தன.

கழற்றி மாட்டுவதற்கென்றே செய்ததுபோல இருக்கும் விமானம் இது. இறக்கை உடலின் மேற்பகுதியில், கால்கள் உயரம். அதனால் வயிற்றுக்கடியில் ஆள் நின்று வேலை பார்க்கலாம், குண்டு மாட்டலாம். இரண்டு அடூர் எஞ்சின்களும் கீழ்ப்பக்கமாகவே இறங்கும். பின்கால் ஒவ்வொன்றிலும் இரட்டைச் சக்கரம், கரடுமுரடான ஓடுதளத்துக்காக. அழகுப்போட்டியில் மிராஜ் போர்விமானத்திடம் தோற்கும். பராமரிப்பவரின் முதுகுவலியை நினைத்துப் பார்த்த வடிவமைப்பாளருக்குத்தான் என் ஓட்டு.

குறை எஞ்சின் பலம்தான். நம் ஊர் வெயிலில் முழுச் சுமையோடு மேலெழும்ப அடூர் திணறும். அதற்குப் பதிலாக ஹனிவெல் எஃப்125 எஞ்சின் பொருத்தும் திட்டம், செலவு எகிறியதால் 2019இல் கைவிடப்பட்டது.