பின் இருக்கையில் யார் உட்கார்ந்து பார்த்தது?

புதிய சாகா வந்ததிலிருந்து பெஸ்தாரி ஜெயா சாப்பாட்டுக் கடைகளில் வேறு பேச்சில்லை. 2025 நவம்பரில் புரோட்டோன் பழைய 1.3 லிட்டர் எஞ்சினை எடுத்துவிட்டு 1.5 லிட்டரை வைத்தது. அன்று முதல் குதிரைசக்தி எவ்வளவு, ஏற்றத்தில் எப்படி இழுக்கிறது, பெஸ்ஸாவை முந்துமா என்பதே கேள்வி. சென்ற மாதம் ஒரு கல்யாண வீட்டில் இந்தப் பேச்சு நீண்டபோது, பின் இருக்கை எப்படி என்று நான் கேட்டேன். மச்சான் முறையுள்ள ஒருவர் பதில் சொன்னார்: "ஓட்டுறவனுக்குப் புடிச்சிருந்தா போதும் மச்சான். பின்னால ஒக்காரவங்க என்ன சொல்லப் போறாங்க?" கூடியிருந்தவர்கள் அதை ஒப்புக்கொண்ட வேகம்தான் என்னை எழுத வைத்தது.

நம்மவர்களுக்குக் கார் பார்க்கத் தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. 1985 ஜூலையில் முதல் சாகா வந்த நாளிலிருந்து இஸ்வாரா, வீரா, வாஜா, பெர்சோனா என்று நாற்பது வருடப் பழக்கம் நமக்கு உண்டு. கோலசிலாங்கூர் முதல் சபாக் பெர்ணம் வரை எந்தத் தோட்டத்திலும் பானெட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தை வைத்தே மைலேஜ் சொல்லும் ஆள் ஒருவராவது இருப்பார். சிவிடி கியர் பெட்டி ஊளையிட்டால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நடப்பார். எண்ணெய்ச் செலவும் உதிரிப்பாக விலையும் அவருக்கு மனப்பாடம். மாதத் தவணையில் மட்டும் கொஞ்சம் ஏமாறுகிறோம். 40,000 வெள்ளிக் கடனுக்கு 3.5 விழுக்காடு தட்டை வட்டியில் ஒன்பது வருடம் கட்டினால் வட்டி மட்டுமே 12,600 வெள்ளி. ஆனால் அதைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். வங்கித் தாளைத் திருப்பிப் பார்த்தால் யாருக்கும் புரிந்துவிடும். எஞ்சின், கியர், எண்ணெய், விலை ஆகிய நான்கிலும் நம் கணிப்பு பெரும்பாலும் சரிதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. நான் இதைப் பல வருடமாகச் சொல்லிவருகிறேன். குடும்பக் கார் என்று பெயர் சொல்லி வாங்குகிறோம். குடும்பத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போய்ப் பார்க்கிறோம்.

ஓட்டிப் பார்ப்பது எப்படி நடக்கிறது? வாங்கப் போகிறவர் ஸ்டீயரிங்கில், விற்பனையாள் பக்கத்தில். பின் இருக்கை காலி. பெரும்பாலும் அதன் மேல் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்பட்டிருக்காது. கடையிலிருந்து சிக்னல் விளக்கு வரை போய்த் திரும்பினால் பத்து நிமிடம். பத்திரிகைகளில் மதிப்புரை எழுதுகிறவர்களும் இதையேதான் நீளமான சாலையில் செய்கிறார்கள். ஒருவர் ஓட்டுகிறார், இன்னொருவர் படம் எடுக்கிறார். பின் இருக்கையைப் பற்றி இரண்டு வரி எழுதுவார்கள், நின்றுகொண்டிருக்கும் காரில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு.

அந்தக் கார் பிறகு வாழப்போகும் வாழ்க்கையைப் பாருங்கள். பிள்ளைகள் ரவாங்கிலோ கிள்ளானிலோ பூச்சோங்கிலோ வேலை செய்கிறார்கள். பெற்றோர் இன்னும் தோட்டத்து வீட்டிலோ, தோட்டத்தை விட்டு வந்த மலிவு விலைத் தாமானிலோ இருக்கிறார்கள். சனிக்கிழமை லாத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக் வந்து இறங்கி, அம்மாவையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு தஞ்சோங் காராங் மருத்துவமனைக்கு. மாலையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா. தைப்பூசமென்றால் விடியற்காலையில் பத்துமலை. ஒவ்வொரு முறையும் காரில் ஐந்து பேர், சில நாள் மடியில் ஒரு பிள்ளையும் சேர்த்து. ஒருவர் மட்டும் ஓட்டிப்போகும் பயணத்துக்குத்தான் தோட்டத்து வீடுகளில் மோட்டார் சைக்கிள் இருக்கிறதே.

இப்போது எடையைப் பாருங்கள். ஒரு லிட்டர் பெஸ்ஸாவின் எடை 900 கிலோவுக்குள். ஆளுக்கு 65 கிலோ என்று ஐந்து பெரியவர்கள் ஏறினால் 325 கிலோ. அரிசி, பழம், துணிப்பை என்று இன்னொரு நாற்பது கிலோ பின்பெட்டியில். கார் தன் எடையில் ஐந்தில் இரண்டு பங்கைச் சுமக்கிறது. இரண்டு டன் எடையுள்ள பெரிய காருக்கு இந்தச் சுமை ஒரு பொருட்டில்லை. சிறிய காருக்கு இது வேறு காராகவே மாறிவிடும் அளவு. சிக்னல் வரை ஓட்டிப் பார்த்த கார் ஒன்று. சனிக்கிழமை ஓட்டுகிற கார் இன்னொன்று. இரண்டாவதை யாரும் சோதிப்பதில்லை.

சுமை ஏறியதும் என்ன நடக்கிறது? பின்பக்க ஸ்பிரிங் அமுங்கி, பள்ளத்தில் சக்கரம் மேலே போக இடமில்லாமல் அடியிலுள்ள ரப்பரில் போய் முட்டுகிறது. அந்த அடி நேராகப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் முதுகெலும்பில் இறங்குகிறது. ஓட்டுகிறவருக்கு அது ஒரு சத்தம் மட்டுமே. காரின் மூக்கு மேலே தூக்குவதால் முன்விளக்கு சாலையை விட்டு, எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிறவரின் கண்ணில் அடிக்கிறது. அதைத் தாழ்த்த ஸ்டீயரிங் அருகே ஒரு சிறு திருகு பல கார்களில் உண்டு. பூஜ்யத்தைத் தவிர வேறு எண்ணில் அதை நான் யார் காரிலும் பார்த்ததில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் டயருக்கு இரண்டு காற்றழுத்தம் போட்டிருப்பது வழக்கம், காலியாகப் போக ஒன்று, நிறைந்து போக ஒன்று. நாம் காலிக் காருக்குரிய காற்றோடு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு செம்பனை லோரிக்குப் பின்னால் போகிறோம். லோரி சட்டென்று நின்றால் பிரேக் பிடிக்க எவ்வளவு தூரம் வேண்டும் என்பது, தனியாக ஓட்டிப் பழகிய காலுக்குத் தெரியாது.

இங்குள்ள சாலையோ சாதாரணச் சாலையில்லை. கடலோரம் களிமண், உள்ளே ராஜா மூசா பக்கம் கரிமண். எத்தனை முறை தார் போட்டாலும் அடிமண் இறங்கிச் சாலை அலை அலையாகிவிடும். காலிக் கார் அந்த அலையில் மிதந்து போய்விடும். நிறைந்த கார் ஒவ்வொரு அலைக்கும் பின்பக்கம் உட்கார்ந்து எழும். என் அம்மா எழுபதைத் தாண்டியவர். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து தஞ்சோங் காராங் போகும் வழி முழுக்க முன் இருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டே வருவார். வலிக்கிறதா என்று கேட்டால், "இல்லப்பா, நீ பாத்து ஓட்டு" என்பார். பின்னால் உட்காருகிறவர்கள் எதுவும் சொல்ல மாட்டார்கள் என்று மச்சான் சொன்னது உண்மைதான். சொல்லாததை வைத்துக் குறை இல்லை என்று முடிவு செய்வதுதான் தவறு.

பின்பெட்டியைப் பற்றி எவ்வளவு பேசுகிறோம்! பெஸ்ஸாவுக்கு 508 லிட்டர், சாகாவுக்கு 420 லிட்டர் என்று விற்பனையாள் ஒப்பிக்கிறார், நாமும் ஒப்பிக்கிறோம். மூட்டைக்கு எவ்வளவு இடம் என்று நமக்குத் தெரியும். கதவு எவ்வளவு அகலம் திறக்கும், முழங்கால் வலியுள்ளவர் முதலில் உட்கார்ந்துவிட்டுக் காலை உள்ளே எடுக்க முடியுமா, தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ எதைப் பிடித்துக்கொள்வார், பின்பக்கம் காற்றுத் துளை இல்லாத காரில் மத்தியான வெயிலில் குளிர் பின்னால் வந்து சேர எத்தனை நிமிடம் ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. இந்த விலைக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தத் துளை கிடையாது.

நடு இருக்கையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பின்னால் உட்காருகிறவரும் வார் அணிய வேண்டும் என்ற சட்டம் 2009 ஜனவரி 1 முதல் இருக்கிறது. பிள்ளைகளுக்குத் தனி இருக்கை 2020 ஜனவரி 1 முதல் கட்டாயம். சட்டம் வந்து இத்தனை வருடம் கழிந்தும் நம் வீட்டுக் கார்களில் பின்பக்க வாரின் கொக்கி இருக்கையின் இடுக்கில் புதைந்து கிடக்கிறது. பழைய கார்கள் பலவற்றில் நடுவில் உட்காருகிறவருக்கு இடுப்பை மட்டும் பிடிக்கும் வார்தான், தலைக்கு அணையும் இல்லை. அந்த இடத்தில் யாரை உட்கார வைக்கிறோம்? மெலிந்தவரை, சின்னவரை, மறுப்புச் சொல்லாதவரை. வீட்டிலேயே மிகக் குறைந்த பாதுகாப்புள்ள இடத்தை வீட்டிலேயே மிக இளைய பிள்ளைக்குக் கொடுத்துவிட்டு, முன் சக்கரத்துக்கு எந்த டயர் நல்லது என்று ஒரு மணி நேரம் விவாதிக்கிறோம். இதை நினைக்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

பழைய கார் வாங்குகிறவருக்குப் பின் இருக்கை இன்னும் முக்கியம். காரின் உண்மை அங்கேதான் இருக்கிறது. முன்பக்கத்தை எவரும் துடைத்து, ஸ்டீயரிங் உறை மாற்றி, மீட்டரைக்கூடக் குறைத்து வைத்துவிடலாம். உரிமை மாற்றத்துக்கான சோதனை அடிச்சட்ட எண், எஞ்சின் எண் போன்றவற்றைப் பார்க்கிறது; உங்கள் அம்மா உட்காரப்போகும் இடத்தைப் பார்ப்பது அதன் வேலையில்லை. 2021 டிசம்பர் வெள்ளத்தில் சிலாங்கூரில் எத்தனை கார்கள் மூழ்கின என்று நமக்கே தெரியும். மூழ்கிய காரின் முன்பக்கத்தைக் கழுவிவிடுவார்கள். பின்பக்க வாரை முழுக்க, கடைசி அங்குலம் வரை வெளியே இழுத்துப் பாருங்கள். சுருளுக்குள் மறைந்திருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியலாம். பின் இருக்கையின் அடிப்பலகையைத் தூக்கி, இரும்புக் கொக்கியில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். கம்பளத்தின் அடியில் கை வையுங்கள்.

எனக்கு இதெல்லாம் புத்தகத்தில் கிடைத்ததில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய செடான் வாங்கினேன். எஞ்சின் நன்றாக இருந்தது, நானே தனியாக ஓட்டிப் பார்த்தேன். முதல் வாரம் குடும்பத்தோடு கிளம்பியபோது, தாமான் வாசலில் இருந்த வேகத்தடையில் அடிவயிறு உரசியது. வோர்க்‌ஷாப் பொமேன் தூக்கிப் பார்த்துவிட்டு, பின்பக்க ஸ்பிரிங் இரண்டும் தளர்ந்து, அப்சார்பர் எண்ணெய் கசிந்து வெகு நாளாகிவிட்டது என்றார். "அண்ணே, நாலு பேர ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்குமே" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் கொடுத்த விலை 900 வெள்ளிக்கு மேல்.

ஏன் நமக்கு இது தோன்றுவதில்லை என்று யோசித்திருக்கிறேன். 1917-இல் இந்த நாட்டின் முதல் செம்பனைத் தோட்டம் எழுந்தது இங்கேதான், பத்தாங் பெர்ஜுந்தை என்று அன்று சொல்லப்பட்ட இந்த ஊரின் பக்கத்தில், தென்னமரம் தோட்டத்தில். அந்த மண்ணில் வேலை செய்த தலைமுறைகள் பயணம் போனது தோட்டத்து லோரியின் பின்பக்கம். கோயில் திருவிழாவுக்கும், மருத்துவமனைக்கும், எப்போதாவது சினிமாவுக்கும் அதே லோரி. பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார்கள். முன்னால் உட்கார்ந்தவர்கள் டிரைவரும் கிராணியும். பின்னால் ஏறியவர்களிடம் வசதியா என்று யாரும் கேட்டதில்லை, கேட்பார்கள் என்று அவர்களும் எதிர்பார்த்ததில்லை. அந்த லோரி போய்விட்டது. ஆனால் பின்னால் உட்காருகிறவர் எதையும் தாங்கிக்கொள்வார் என்ற எண்ணம் நம்மோடு காருக்குள் ஏறிவிட்டது. இப்போது முன்னால் உட்கார்ந்திருப்பது நாமே, பின்னால் இருப்பது நம் தாய் தகப்பன்.

ஐந்து பேர் எப்போதாவதுதான் ஏறுகிறார்கள், அதற்காகவா ஒரு காரை மறுப்பது என்பார்கள். மாதத்துக்கு நான்கு சனிக்கிழமை எப்போதாவது ஆகாது. அவ்வளவு அக்கறையென்றால் அல்சா வாங்கு என்பார்கள். அதன் தொடக்க விலையே 60,000 வெள்ளியைத் தாண்டுகிறது. நான் கேட்பது பெரிய கார் அல்ல. நாற்பதாயிரம் வெள்ளிச் செடான்களுக்குள்ளேயே ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கிறது, பழைய கார்களில் அதைவிட அதிகம். அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் ஒரே வழியை நாம் செய்ய மறுக்கிறோம். ஓட்டுநர் இருக்கையை விட்டு எழாமல் சொல்லப்படும் எந்த மதிப்பீட்டையும் இனி நான் மதிப்பீடாக எடுத்துக்கொள்ளப் போவதில்லை. அப்படிச் சொல்வது கொஞ்சம் கடுமை என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

போன மாதம் மச்சானின் தங்கைக்குக் கார் பார்க்கப் போனோம். மூன்று வருடப் பழைய செடான், ஒரே கையில் இருந்தது, விலையும் பரவாயில்லை. நான் அம்மாவையும் அத்தையையும் கூட்டிப்போயிருந்தேன். ஐந்து பேரும் ஏறியபோது கடைக்காரர் முகம் சுருங்கியது. மச்சான் ஓட்டினார். முதன்மைச் சாலையை விட்டுத் தோட்டத்துப் பாதையில் திருப்பச் சொன்னேன். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு அத்தை, கேட்காமலே, "இந்தக் காடி வேணாம்பா, இடுப்பு ஒடியுது" என்றார். மச்சான் கண்ணாடியில் பின்னால் பார்த்தார். அங்கேயே ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கி, பின் கதவைத் திறந்து, "நீங்க முன்னால வாங்க அத்தை, நான் இங்க ஒக்காந்து பாக்குறேன்" என்றார். திரும்பி வரும்போது காரை ஓட்டியது நான்.