பின்பக்கத்தில் இருப்பவள்

உள்ளங்கையில் வைத்துப் பார்க்கக்கூடிய ஒரு வெண்கல வட்டம். இத்தாலிய ஓவியர் பிசனெல்லோ 1447இல் உருவாக்கிய செசிலியா கொன்சாகாவின் பதக்கம். இத்தகைய வார்ப்புப் பதக்கங்கள் மார்பில் குத்திக்கொள்வதற்கானவை அல்ல. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கவும் வேண்டியவர்களுக்குப் பரிசளிக்கவும் செய்யப்பட்டவை. திருப்புவதில்தான் இதன் அரசியல் இருக்கிறது.

முன்பக்கத்தில் பக்கவாட்டு முகம், இழுத்துக் கட்டிய கூந்தல், அரசகுலத்து உடை. சுற்றிலும் லத்தீன் எழுத்துகள்: செசிலியா, கன்னி, மாந்துவாவின் முதல் மார்க்குவிஸ் ஜான்பிரான்செஸ்கோவின் மகள். பெயரும் கன்னிமையும் அவருக்கு; மீதி வரி முழுவதும் தந்தைக்கு. கல்யாணப் பத்திரிகை படித்துப் பழகிய நமக்கு இந்த வாக்கிய அமைப்பு புதிதல்ல.

அந்தத் தந்தைதான் அவரை உர்பினோவின் ஒத்தான்தோனியோவுக்கு மணமுடிக்க விரும்பினார். சிறுவயதிலேயே விட்டோரினோ தா ஃபெல்ட்ரேயிடம் கிரேக்கம் கற்ற செசிலியாவோ துறவு மடம் செல்ல விரும்பினார். தந்தை இசையவில்லை. 1444இல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே செசிலியா தாயோடு மடம் புகுந்தார். பதக்கம் அதற்கும் இரண்டாண்டு பிந்தியது. ஆனாலும் முன்பக்கம் துறவியைக் காட்டவில்லை, அரசகுமாரியைத்தான் காட்டுகிறது.

திருப்பினால், பிறைநிலவின் கீழ், பாறைகளிடையே அரையாடையில் ஒரு பெண். அவள் மடியருகே ஒற்றைக்கொம்பன், ஆட்டைப்போல் ரோமம் அடர்ந்து அமைதியாகப் படுத்திருக்கிறது. கன்னிக்கு மட்டுமே அது அடங்கும் என்பது ஐரோப்பிய மரபுக்கதை. அந்தக் கதையில் கன்னி தூண்டிற்புழு. ஒளிந்திருக்கும் வேட்டைக்காரர்கள் பாய்ந்து விலங்கைக் கொல்வார்கள். இப்பதக்கத்தில் வேட்டைக்காரர்கள் இல்லை. அவளை யாரும் எதற்கும் பயன்படுத்தவில்லை.

கன்னிமையைப் போற்றும் ஆண்கண் இங்கும் உண்டு. அந்த அரைநிர்வாணம் ஓவியரின் தேர்வு, செசிலியாவினது அல்ல. மடத்தை விடுதலை என்று கொண்டாடவும் எனக்கு மனமில்லை. திருமணம், மடம் என இரண்டே கதவுகள் இருந்த வீட்டில் அவர் ஒன்றைத் தானே திறந்தார், அவ்வளவுதான். ஆனால் 'கன்னி' என்ற சொல் முன்பக்கத்தில் தந்தையின் உடைமை போலவும் பின்பக்கத்தில் ஒரு மறுப்பு போலவும் ஒலிக்கிறது.

பின்பக்கத்துப் பெண்ணைச் சுற்றி யாருடைய மகள் என்ற எழுத்து இல்லை. ஓரத்துக் கல்லில் ஓவியரின் பெயரும் ஆண்டும் மட்டுமே. செசிலியாவை நான் அந்தப் பக்கத்தில்தான் தேடுகிறேன்.