எலி உலா வரும் நேரம்

வளர்ப்பெலியைக் கூண்டிலிருந்து வெளியே விடுவதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்பவர்கள், பெரும்பாலும் எலியைக் கையால் தூக்கித் தரையில் விடுகிறவர்கள். அப்படி விட்ட எலி நேராகக் கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்துகொள்ளும். அதன்பிறகு பார்க்க ஒன்றும் இல்லை. நேர்த்தி தெரிந்தவர் கதவை மட்டும் திறப்பார். வாசலிலிருந்து தரைக்கு ஒரு பலகையைச் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொள்வார். வருவதும் வராததும் எலியின் விருப்பம். ரசிக்கவேண்டிய அத்தனையும் அந்த விருப்பத்திலிருந்துதான் ஆரம்பமாகிறது.

நாங்கள் வசிக்கும் கரையான்சாவடியில், ட்ரங்க் ரோட்டிலிருந்து ஆவடி சாலை பிரியும் பக்கம், ஹாரன் சத்தம் அடங்க இரவு வெகுநேரம் ஆகிவிடும். எலிக்கும் அதுதான் விழிப்பு வேளை. உச்சிவெயிலில் அதை எழுப்பி விளையாடக் கூப்பிடுவது அநியாயம். எங்கள் வீட்டில் டிவியை அணைத்து, கூடத்தில் ஒரு சின்ன விளக்கை மட்டும் விட்டுவைத்த பிறகுதான் கூண்டுக் கதவு திறக்கும்.

முதலில் மூக்கு மட்டும் வெளியே வரும். பின்னாலேயே மீசை. அந்த முடிகள் நொடிக்கு ஏறத்தாழ 8 முறை முன்னும் பின்னும் வீசியபடி இருக்கும். எலிக்குக் கண்பார்வை மட்டம். உலகத்தை அது மீசையாலும் மூக்காலும்தான் அறிகிறது. அதனால்தான் நட்டநடுக் கூடத்தில் இறங்காமல் சுவரைத் தொட்டுக்கொண்டே போகிறது. ஒரு முழம் போகும், சட்டென்று கூண்டுக்குத் திரும்பும். அடுத்த முறை பீரோ வரை போய்த் திரும்பும். அதற்கடுத்த முறை ஜன்னல் வரை. பாடகர் திரும்பத் திரும்ப ஷட்ஜத்துக்கு வந்து சேர்ந்தபடியே ராகத்தை விரித்துக்கொண்டு போவாரே, அந்த அழகு இதில் இருக்கிறது. அவசரப்பட்டு நடுவில் கைநீட்டினால் எல்லாம் கலைந்துபோகும்.

சிவப்புக்கண் வெள்ளெலியிடம் இன்னொன்று உண்டு. உயரமான இடத்தின் விளிம்பில் நின்று தலையை இடமும் வலமுமாக மெல்ல ஆட்டும். நோய் என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்வை இன்னும் மங்கலான அந்த எலி, தலையை அசைத்துத் தூரத்தை அளக்கிறது. கிட்டத்தில் உள்ளது அதிகம் நகர்ந்து தெரியும், எட்ட உள்ளது குறைவாக. அளந்து முடித்ததும் தாவும். அந்தத் தாவலைப் பார்க்க எத்தனை நேரமும் காத்திருக்கலாம்.

விக்டோரியா காலத்து லண்டனில் எலி பிடிப்பதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஜாக் பிளாக், விசித்திர நிறத்தில் அகப்பட்டவற்றைக் கொல்லாமல் வளர்த்துப் பெருக்கி விற்றார். அப்படி மனிதர் கையில் வளர்ந்து பழகிய இனத்துக்கு நம்மோடு விளையாடும் ஆசையும் இருக்கிறது. 2019இல் பெர்லின் ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தில் எலிகளுக்குக் கண்ணாமூச்சி கற்றுக்கொடுத்தார்கள். தேடும் முறை வந்தால் தேடின. ஒளியும் முறை வந்தால் சத்தமே காட்டாமல், உள்ளே தெரியாத பெட்டியாகப் பார்த்து ஒளிந்தன. பரிசு தீனி இல்லை, கிச்சுகிச்சு மூட்டல்தான்! கிச்சுகிச்சு மூட்டினால் எலி 50 கிலோஹெர்ட்ஸ் அளவில் குரல் எழுப்பும் என்று ஆய்வாளர் ஜாக் பாங்க்செப் முன்பே கண்டறிந்திருந்தார். நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது. அந்தச் சந்தோஷம் நமக்குக் கேட்காது. ஆனால் ஓடிப்போன எலி திரும்பிவந்து கையை முட்டுவது தெரியும்.

இந்தச் சுதந்திரத்துக்குப் பின்னால் வீட்டுக்காரரின் உழைப்பு இருக்கிறது. சார்ஜர் ஒயர்களைச் சுருட்டி உயரே வைக்க வேண்டும். வாழ்நாள் முழுக்க வளரும் முன்பற்கள் எதையும் விடாது. பாத்ரூம் ஜாலியை மூட வேண்டும், கதவிடுக்கில் துணி அடைக்க வேண்டும். வெளியே சாக்கடைப் பெருச்சாளி இருக்கிறது, எலிக்காய்ச்சல் இருக்கிறது. எலி பிஸ்கட்டும் பசை அட்டையும் அந்த வீட்டில் எந்த மூலையிலும் இருக்கக்கூடாது. எலியின் சுவாசப்பை சுலபமாகக் கெடும்; ஆகவே சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை, புகை முழுக்க வெளியேறிய பிறகே உலா. வியர்வை சிந்தாத உயிர் அது, வாலின் வழியாகத்தான் பெருமளவு உடற்சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கத்திரி வெயில் நாட்களில் வெறுந்தரையில் ஒரு தட்டுத் தண்ணீர் வையுங்கள். காலை நனைத்துக்கொண்டு அதில் நிற்கும்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பது மனிதர் ஆசை. எலிக்குக் கூட்டம் வேண்டும். ஒற்றை எலியின் உலாவில் பாதி அழகு குறைந்துவிடுகிறது; இரண்டு எலிகள் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு மல்லுக்கட்டுவதுதான் முழு ஆட்டம். ஆணும் பெண்ணுமாக விட்டால் மூன்றே வாரத்தில் குட்டிகள் வந்துவிடும் என்பதால் ஒரே பாலாக வளர்ப்பது நல்லது.

முடிக்கும் நேரத்தில் துரத்திப் பிடிக்கவே கூடாது. பொரி டப்பாவை ஒருமுறை குலுக்கினால் போதும், சில நாளில் சத்தம் பழகிவிடும். தானாக வந்து ஏறிக்கொள்ளும்.

வளர்ப்பெலியின் ஆயுள் இரண்டு, மிஞ்சினால் மூன்று வருடம். எலி வளர்க்கிறவர்களே, தினமும் ஒரு மணி நேரமாவது அந்தக் கதவைத் திறந்து வையுங்கள்.